எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ, 4கே ப்ளூ-ரே: எல்லா வட்டுகளையும் முழுமையாகப் படிக்கும் பிளேயர் எது?

கேள்வி: அலமாரி

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த வட்டுகள் அனைத்தும் அண்மையில் என் பொறுப்புக்கு வந்தன. எண்ணிப் பார்த்ததில் 400க்கும் மேல் இருக்கின்றன. பெரும்பாலானவை சாதாரண சிடிக்கள்தான். ஆனால் அவற்றுக்கிடையே 40 எஸ்ஏசிடிக்கள் (சிடியைவிட உயர்தர ஒலி பதிந்த வட்டுகள்), 12 டிவிடி-ஆடியோ வட்டுகள் (டிவிடி வடிவில் உயர்தர ஒலி பதிந்தவை), இசை நிகழ்ச்சிகள் பதிவான டிவிடிக்கள், ப்ளூ-ரே படங்கள், சில 4கே ப்ளூ-ரே வட்டுகள், வீட்டு நிகழ்வுகள் பதிவான விசிடிக்கள், டிவிடி-ஆர் வட்டுகள் என்று எல்லாம் கலந்து இருக்கின்றன. இவற்றை ஒழுங்காகக் கேட்கவும் பார்க்கவும் நல்ல பிளேயர் ஒன்றை வாங்கலாம் என்று முடிவு செய்து, சில உயர்தர மாடல்களின் விவரக்குறிப்புகளைப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது.

முதல் குழப்பம் இது. என்னிடம் இப்போதிருக்கும் பழைய டிவிடி பிளேயர் 40 எஸ்ஏசிடிக்களில் 37ஐத் தடையின்றிப் பாடுகிறது. டிவிடி-ஆடியோ வட்டுகள் 12ம் பாடுகின்றன. ஆனால் அந்தப் பிளேயரின் கையேட்டில் இந்த இரண்டு பெயர்களுமே இல்லை. கையேட்டில் இல்லாத வட்டு எப்படிப் பாடுகிறது? ஏற்கெனவே பாடுகிறது என்றால், எஸ்ஏசிடி படிக்கும் என்று தனியாகக் குறிப்பிட்டிருக்கும் விலை உயர்ந்த பிளேயர் எனக்கு எதற்கு?

மீதமுள்ள மூன்று எஸ்ஏசிடிக்களைப் போட்டால் ‘வட்டு இல்லை’ என்று காட்டுகிறது. அவற்றில் கீறல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. வட்டு உள்ளுக்குள் கெட்டுவிட்டது என்று நினைத்து அவற்றைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். இன்னொரு சிடியில் பாட்டே கேட்கவில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் மட்டும் வருகிறது. இந்த நான்கையும் கழித்துவிடலாமா?

என்னிடம் 4கே தொலைக்காட்சியும், எச்டிஎம்ஐ உள்ளீடுகள் கொண்ட ஏவி ரிசீவரும் (ஒலியைப் பெற்று ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி), 5.1 ஸ்பீக்கர் அமைப்பும் உள்ளன. எந்த மாடலை வாங்குவது என்பதைவிட, ஒரு பிளேயர் ஒரு வட்டைப் படிக்கும் என்று சொல்வதன் பொருள் என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: செவியின்பம்

வணக்கம். அந்த நான்கு வட்டுகளையும் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான்குமே நல்ல நிலையில் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் பழைய பிளேயர் எஸ்ஏசிடியைப் படிக்கவில்லை. அதே வட்டுக்குள் இருக்கும் சிடியைத்தான் படிக்கிறது. எஸ்ஏசிடியை 1999ஆம் ஆண்டில் சோனியும் பிலிப்ஸும் வெளியிட்டபோது, மக்களிடம் ஏற்கெனவே இருந்த கோடிக்கணக்கான சிடி பிளேயர்களிலும் அது ஓட வேண்டும் என்பதற்காக ‘ஹைபிரிட்’ என்ற அமைப்பையும் வகுத்தார்கள். 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள வட்டில், லேபிளை ஒட்டிய ஆழத்தில் சாதாரண சிடி அடுக்கு இருக்கும்; வட்டின் நடு ஆழத்தில், அதாவது 0.6 மில்லிமீட்டரில், எஸ்ஏசிடிக்கு உரிய அடர்த்தியான அடுக்கு இருக்கும். சிடி பிளேயரின் 780 நானோமீட்டர் லேசருக்கு அந்த நடு அடுக்கு ஒளி புகும் கண்ணாடி போன்றது. ஒளி அதைக் கடந்து சென்று சிடி அடுக்கைப் படித்துவிடும். எஸ்ஏசிடி பிளேயரின் 650 நானோமீட்டர் லேசருக்கு அதே நடு அடுக்கு ஒளியைத் திருப்பி அனுப்பும் பரப்பாகிவிடுகிறது. ஆகவே நீங்கள் இத்தனை நாள் அந்த 37 வட்டுகளிலும் கேட்டது, நொடிக்கு 44,100 முறை அளவெடுத்து 16 பிட்டில் பதிந்த இரண்டு சேனல் சிடி ஒலியைத்தான். அதே வட்டில் பெரும்பாலும் பல சேனல் பதிவு ஒன்றும், அதற்குத் தனியாக டிஎஸ்டி எனப்படும், எஸ்ஏசிடிக்கு உரிய முறையில் இரண்டு சேனல் பதிவு ஒன்றும் தொடப்படாமல் கிடக்கின்றன.

பாட மறுக்கும் மூன்று வட்டுகள், சிடி அடுக்கே இல்லாத ஒற்றை வகை எஸ்ஏசிடிக்களாக இருக்க வேண்டும். தொடக்க ஆண்டுகளில் இவை நிறையவே வந்தன. சிடி பிளேயருக்கு அதில் படிக்க எதுவும் இல்லை என்பதால் ‘வட்டு இல்லை’ என்று சொல்கிறது. அதன் அளவில் அது உண்மைதான். உறையில் சிடியின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஹைபிரிட் வட்டுகளில் சிடி, எஸ்ஏசிடி இரண்டு முத்திரைகளும் வழக்கமாக அச்சாகியிருக்கும்.

டிவிடி-ஆடியோவின் கதை வேறு. ஏமாற்றம் மட்டும் ஒன்றே. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த வட்டில் ‘ஆடியோ_டிஎஸ்’ என்ற கோப்புறையில் உயர்தர ஒலி இருக்கும். பெரும்பாலான வெளியீடுகளில் ‘வீடியோ_டிஎஸ்’ என்ற இன்னொரு கோப்புறையில் அதே இசை டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் வடிவில் சுருக்கப்பட்டும் இருக்கும். சாதாரண டிவிடி பிளேயர் முதல் கோப்புறையைக் கண்டுகொள்ளாது, இரண்டாவதைப் பாடும். நீங்களும் கேட்டிருப்பது அதுதான். அந்த முதல் கோப்புறையின் மதிப்பை ஒரு கணக்குச் சொல்லும். நொடிக்கு 96,000 முறை, 24 பிட்டில், ஆறு சேனல்களுக்கு அளவெடுத்தால் நொடிக்கு 13.8 மெகாபிட் சேரும். ஆனால் அந்த வட்டு வகை நொடிக்கு 9.6 மெகாபிட்டுக்கு மேல் தர அனுமதிப்பதில்லை. அந்த இடைவெளியைச் சமாளிக்கத்தான் மெரிடியன் நிறுவனம் உருவாக்கிய எம்எல்பி என்ற, ஒரு பிட்டையும் இழக்காமல் சுருக்கும் முறை தேவைப்பட்டது. டிவிடி-ஆடியோ வணிகத்தில் தோற்றுப்போனாலும், அந்த எம்எல்பிதான் பிறகு ப்ளூ-ரேயின் டால்பி ட்ரூஎச்டிக்கு அடிப்படையாக அமைந்தது. தோற்றதாகச் சொல்லப்படும் ஒரு முறையின் உயிர் இன்றும் பல ப்ளூ-ரே படங்களுக்குள் ஓடிக்கொண்டிருப்பது எனக்கு எப்போதும் நிறைவு தரும் செய்தி.

இப்போது உங்கள் மூலக் கேள்விக்கு வருகிறேன். ‘படிக்கும்’ என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வேலைகள் அடங்கியிருக்கின்றன. லேசர் அந்த அடுக்கைப் பார்க்க வேண்டும். பார்த்ததைப் புரிந்துகொள்ளும் டீகோடரும், பூட்டைத் திறக்கும் உரிமமும் பிளேயரில் இருக்க வேண்டும். புரிந்துகொண்டதைத் தரம் குறையாமல் வெளியே கொண்டுபோகும் வெளியீடும் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் விவரக்குறிப்பில் இருக்கும் முத்திரையால் பயனில்லை. உங்கள் பழைய பிளேயரில் 650 நானோமீட்டர் லேசர் இருக்கிறது. டிவிடி படிக்க அது வேண்டும். ஆனாலும் எஸ்ஏசிடி அடுக்கை அது தொடவில்லை. லேசர் இருந்தும் உரிமமும் டீகோடரும் இல்லாததே காரணம். கணினியின் டிவிடி டிரைவுகளில் எஸ்ஏசிடி அடுக்கு படிக்கப்படாமல் போவதும் இதனால்தான்.

இந்தச் சோதனையை வைத்து மாடல்களை நீங்களே சலித்துவிடலாம். பானசோனிக் டிபி-யூபி9000 படத்தின் தரத்துக்காகப் பெரிதும் மதிக்கப்படும் பிளேயர். ஆனால் அது எஸ்ஏசிடியைப் படிக்காது. சோனியின் யூபிபி-எக்ஸ்800எம்2 அதைவிட எளிய வகையைச் சேர்ந்தது; ஆனால் அது எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ, 4கே ப்ளூ-ரே மூன்றையும் படிக்கும். ஒப்போ யூடிபி-203, யூடிபி-205 ஆகிய இரண்டும் இந்த வகையின் உச்சமாகக் கருதப்பட்டவை. 2018 ஏப்ரலில் அந்நிறுவனம் பிளேயர் தயாரிப்பை முடித்துக்கொள்வதாக அறிவித்துவிட்டது. பின்னர் வந்த மேக்னட்டார் யூடிபி800, யூடிபி900 ஆகியவை அந்த இடத்தை நிரப்பும் நோக்கில் எஸ்ஏசிடியையும் டிவிடி-ஆடியோவையும் சேர்த்துக்கொண்டன. விலைக்கும் வட்டு வகைகளின் எண்ணிக்கைக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

பதில் 2: வெண்திரை

செவியின்பம் அவர்கள் ஒலியைப் பற்றி எழுதியதில் திருத்த எதுவும் இல்லை. படவட்டுகளைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன். இறுதியில் ஓரிடத்தில் அவரிடமிருந்து வேறுபடுகிறேன்.

அவர் கூறிய மூன்று வேலைகளுக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு 4கே ப்ளூ-ரேதான். 2006இல் வந்த ப்ளூ-ரேயும் 2016இல் விற்பனைக்கு வந்த 4கே ப்ளூ-ரேயும் ஒரே 405 நானோமீட்டர் லேசரையே பயன்படுத்துகின்றன. இரண்டிலும் தரவு வட்டின் பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் தொடங்குகிறது. ஆனாலும் பழைய ப்ளூ-ரே பிளேயரில் 4கே வட்டு ஓடாது. பழைய ப்ளூ-ரேயில் ஓர் அடுக்குக்கு 25 ஜிகாபைட் வீதம் 50 ஜிகாபைட் வரை அடங்கும். 4கே வட்டுகள் அந்த 50 ஜிகாபைட் அளவிலும் வரலாம். அடுக்கை இன்னும் நெருக்கி எழுதி இரண்டு அடுக்கில் 66, மூன்று அடுக்கில் 100 ஜிகாபைட் என்றும் வரும். படம் எச்இவிசி முறையில் சுருக்கப்பட்டிருக்கும். பூட்டு ஏஏசிஎஸ் 2.0 என்ற புதிய வகை. லேசரின் நிறம் ஒன்றாக இருந்தும் மற்ற எல்லாமே மாறிவிட்டன. எச்டி டிவிடியின் நிலையும் இதையொட்டியதே. அதற்கும் 405 நானோமீட்டர் லேசர்தான். ஆனால் தரவு 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்ததால் வேறு லென்ஸ் தேவைப்பட்டது. தோஷிபா 2008 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. அண்ணனின் சேகரிப்பில் அப்படி ஏதாவது இருந்தால், இன்றைய உயர்தரப் பிளேயர்களை நம்ப வேண்டாம்; பழைய எச்டி டிவிடி பிளேயரையே தேட வேண்டியிருக்கும்.

வட்டு எந்த நாடுகளின் பிளேயர்களில் ஓடலாம் என்று வரையறுக்கும் மண்டலக் குறியீட்டையும் கவனியுங்கள். டிவிடிக்கு 1 முதல் 6 வரை ஆறு மண்டலங்கள். ப்ளூ-ரேக்கு ஏ, பி, சி என மூன்று. 4கே ப்ளூ-ரேக்கு மண்டலமே கிடையாது. இதில் பலர் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. 4கே படத்தின் பெட்டிக்குள் கூடவே வரும் சாதாரண ப்ளூ-ரே வட்டுக்கு மண்டலப் பூட்டு இருக்கக்கூடும். 4கே வட்டு ஓடுகிறது, கூடுதல் காட்சிகள் இருக்கும் இன்னொரு வட்டு ஓடவில்லை என்று பிளேயர் மீது குறை சொல்பவர்கள் பலர் இதைத்தான் சந்தித்திருப்பார்கள்.

எச்டிஆர் (ஒளி-இருள் வேறுபாட்டை விரிவாகக் காட்டும் பட முறை) பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். எச்டிஆர்10 எல்லா 4கே பிளேயரிலும் கட்டாயம். டால்பி விஷன், எச்டிஆர்10 பிளஸ் ஆகியவை விருப்பத்துக்குரியவை. டால்பி விஷன் வட்டை அந்த வசதி இல்லாத பிளேயரில் போட்டால் எச்டிஆர்10 படம் வரும், திரை இருண்டுவிடாது. உங்கள் தொலைக்காட்சி எதை ஏற்கிறதோ அதற்கேற்ற பிளேயரைத் தேர்ந்தால் போதும். முப்பரிமாணப் படங்கள் இருந்தால் மட்டும் தனியாகக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 4கே வட்டின் வரையறையில் முப்பரிமாணத்துக்கு இடமில்லை. பழைய ப்ளூ-ரே 3டி வட்டுகளைப் படிக்கும் திறன் மாடலுக்கு மாடல் மாறும்.

படவட்டின் ஒலிக்கு ஒரு குறிப்பு. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பி அட்மாஸ் ப்ளூ-ரேயில் பெரும்பாலும் ட்ரூஎச்டிக்குள் பொதிந்தே வருகிறது. பிளேயரே அதை விரித்து பிசிஎம்மாக (சுருக்கப்படாத எண்ணியல் ஒலியாக) அனுப்பினால் அட்மாஸ் தகவல் வழியிலேயே தொலைந்துபோகும். எனவே படங்களுக்கு வெளியீட்டை ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று வைத்து, விரிக்கும் வேலையை ரிசீவரிடம் விட்டுவிடுங்கள். ‘இரண்டாம் ஒலி’ அல்லது ‘ஒலிக் கலப்பு’ என்ற பெயரில் இருக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் ட்ரூஎச்டிக்குப் பதிலாகச் சாதாரண டால்பி டிஜிட்டல் மட்டுமே ரிசீவரைச் சென்றடையும். நல்ல பிளேயரை வாங்கிவிட்டு இந்த ஓர் அமைப்பால் மாதக்கணக்கில் தரம் குறைந்த ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான்.

இனி என் கருத்து வேறுபாடு. எல்லா வகைகளும் ஒரே பெட்டியில் இருக்க வேண்டும் என்ற விருப்பம் புரிகிறது. ஆனால் உங்களிடம் எச்டிஎம்ஐ ரிசீவர் இருக்கிறது. எண்ணியல் ஒலியை அலைவடிவமாக மாற்றும் வேலை ரிசீவரில்தான் நடக்கப்போகிறது. அப்படியிருக்க, பிளேயருக்குள் பதிக்கப்பட்டிருக்கும் விலையுயர்ந்த டிஏசிக்காக நீங்கள் கொடுக்கும் பணம் பயன்படாமலே போகும். படத்துக்கு மிகச் சிறந்த ஒரு பிளேயர், எஸ்ஏசிடி படிக்கும் எளிய பிளேயர் ஒன்று என இரண்டாகப் பிரித்துக்கொள்வது எனக்கு நல்ல வழியாகப் படுகிறது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

பதில் 3: பழையவட்டு

இருவரும் வாங்கிய வட்டுகளைப் பற்றி எழுதிவிட்டார்கள். என் அக்கறை வீட்டில் பதிந்த வட்டுகளைப் பற்றியது. வாங்கிய படத்தை மறுபடியும் வாங்கிக்கொள்ளலாம். அண்ணன் பதிந்த வீட்டு நிகழ்வு எங்கும் கிடைக்காது. ஆகவே பிளேயர் வாங்கும் முன்பே இவற்றைக் கணினியில் படியெடுத்து வைத்துவிடுங்கள்.

விசிடி 1993இல் வகுக்கப்பட்ட முறை. எம்பெக்-1 சுருக்கம், படத்தின் அளவு 352×288 அல்லது 352×240. தொழில்நுட்ப அளவில் இதைப் படிப்பது மிக எளிது. ஆனாலும் பல ப்ளூ-ரே, 4கே பிளேயர்கள் இதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டன. டிவிடி படிக்கிறது, ஆகவே விசிடியும் படிக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். கணினியின் டிரைவும் ஒரு நல்ல மென்பொருளும் இருந்தால் இந்த வேலை முடிந்துவிடும்.

டிவிடி-ஆர் வட்டுகளில் வேறொரு சிக்கல். டிவிடி ரெக்கார்டரில் பதிந்து முடித்த பிறகு ‘ஃபைனலைஸ்’ செய்யாமல் விட்டுவிட்டால், வட்டின் உள்ளடக்கப் பட்டியல் முழுமையாக எழுதப்பட்டிருக்காது. மற்றப் பிளேயர்கள் அதை வெற்று வட்டாகவே பார்க்கும். பதிந்த அதே ரெக்கார்டர் இன்னும் இருந்தால் அதிலேயே ஃபைனலைஸ் செய்யுங்கள். இல்லையென்றால், கணினியில் மீட்பு மென்பொருள் மூலம் முயலலாம். மீண்டும் எழுதத்தக்க சிடி-ஆர்டபிள்யூ வட்டுகள் ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவு மிகக் குறைவு. அச்சிட்ட சிடி 70 விழுக்காட்டுக்கு மேல் திருப்பும் என்றால், இது அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. தேய்ந்த லேசர் முதலில் தடுமாறுவது இவற்றில்தான்.

இரைச்சல் மட்டும் வரும் உங்கள் சிடி, டிடிஎஸ் சிடியாக இருக்கும் என்பது என் கணிப்பு. 5.1 சேனல் ஒலியை டிடிஎஸ் முறையில் சுருக்கி, சிடியின் பிசிஎம் இருக்க வேண்டிய இடத்தில் வைத்து வெளியிட்டார்கள். டீகோடர் இல்லாத வழியில் கேட்டால் அந்தத் தரவு இரைச்சலாகவே கேட்கும். உறையில் ‘டிடிஎஸ்’ அல்லது ‘5.1’ என்று இருக்கிறதா பாருங்கள். ஒலியளவைக் கூட்டி வைத்துச் சோதிக்காதீர்கள். அந்த இரைச்சல் பலமாக வரும், ஸ்பீக்கருக்குக் கேடு. பிளேயரிலிருந்து ஆப்டிகல் கம்பி வழியாக ரிசீவருக்கு, ஒலியளவை எதுவும் மாற்றாமல் அனுப்பினால், ரிசீவர் தானாகவே டிடிஎஸ் என்று அடையாளம் கண்டு பாடிவிடும்.

ஒரு பக்கம் சிடி, மறுபக்கம் டிவிடி என்று இருக்கும் ‘டூயல்டிஸ்க்’ வட்டுகள் ஏதேனும் உள்ளனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அவை சாதாரண வட்டைவிடத் தடிமனானவை. தட்டில்லாமல் வட்டை உள்ளிழுத்துக்கொள்ளும் பிளேயர்களில் போட வேண்டாம்.

அலமாரி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இரண்டு நாள் உட்கார்ந்து நீங்கள் கூறியவற்றைச் சோதித்தேன். அந்த மூன்று எஸ்ஏசிடிக்களின் உறைகளிலும் சிடி முத்திரை இல்லை. இரைச்சல் சிடியின் பின்னட்டையில், மிகச் சிறிய எழுத்தில், டிடிஎஸ் என்று இருக்கிறது. ஆப்டிகல் வழியாக ரிசீவருக்கு அனுப்பியதும் ஐந்து ஸ்பீக்கர்களிலும் இசை எழுந்தது. அந்த வட்டைக் குப்பையில் போட இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் மனம் பதைக்கிறது.

நண்பர் ஒருவரிடமிருந்து எஸ்ஏசிடி படிக்கும் பழைய பிளேயர் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். டிடிஎஸ் சிடிக்கு ஆப்டிகல் நன்றாக வேலை செய்ததால் அதையே இதற்கும் இணைத்தேன். வட்டைப் போட்டதும் பிளேயரின் முகப்பில் எஸ்ஏசிடி என்று வந்தது, நேரமும் ஓடியது, ஆனால் ஒலியே இல்லை. அதே வட்டை அமைப்புகளில் சிடி அடுக்குக்கு மாற்றியதும் பாடியது. பிளேயர் பழுதா, வட்டு பழுதா?

பதில் 4: செவியின்பம்

இரண்டும் பழுதில்லை; மூன்றாவது வேலையான வெளியீடு இங்கே தடைப்படுகிறது. எஸ்ஏசிடியின் டிஎஸ்டி ஒலியை ஆப்டிகல், கோஆக்சியல் ஆகிய வெளியீடுகள் வழியாக அனுப்ப உரிம விதி இடம் கொடுப்பதில்லை. சிடி அடுக்குக்கு அந்தத் தடை இல்லாததால் அது மட்டும் கேட்கிறது. டிடிஎஸ் சிடியின் தரவு சிடியின் அளவுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் அதற்கும் தடையில்லை. டிவிடி-ஆடியோவையும் ஆப்டிகலில் கேட்க முயலாதீர்கள். ஒலி வந்தாலும் குறைக்கப்பட்ட தரத்தில்தான் வரும்.

எச்டிஎம்ஐ கம்பியை இணையுங்கள். பல சேனல் டிவிடி-ஆடியோவை அனுப்பும் வசதி எச்டிஎம்ஐ 1.1இலும், டிஎஸ்டியை நேரடியாக அனுப்பும் வசதி 2005இல் வந்த 1.2இலும் சேர்க்கப்பட்டன. இரவல் பிளேயர் அவற்றைவிடப் பழையதாக இருந்தால், பின்புறம் ஆறு அலைவடிவ வெளியீடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்நாளில் பல சேனலுக்கு அதுதான் வழி.

பிளேயரின் அமைப்புகளில் எஸ்ஏசிடி வெளியீட்டை டிஎஸ்டி என்றோ பிசிஎம் என்றோ தேர்ந்தெடுக்கச் சொல்லும். நொடிக்கு 28,22,400 முறை, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பிட் என்பதுதான் டிஎஸ்டி. பல ரிசீவர்களால் அதன் மீது தாழொலிப் பிரிப்பையோ (ஆழ்ந்த ஒலியைத் தனி ஸ்பீக்கருக்கு அனுப்புவது) அறைக்கேற்ற திருத்தத்தையோ நேரடியாகச் செய்ய முடியாது. அந்தத் திருத்தங்கள் வேண்டுமென்றால் உள்ளேயே பிசிஎம்மாக மாற்றிக்கொள்ளும். எனவே டிஎஸ்டியாகவே அனுப்பினால்தான் தூய ஒலி என்று கருத வேண்டாம். ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரே அளவில் இல்லாத அறையில், பிசிஎம்மாக மாற்றி ஒழுங்காகத் தாழொலியைப் பிரித்துக் கேட்பதையே நான் விரும்புவேன். இரண்டையும் வைத்து உங்கள் செவியால் முடிவு செய்யுங்கள்.

உண்மையில் எந்த அடுக்கு ஓடுகிறது என்பதை அறிய ரிசீவரின் தகவல் திரையைப் பாருங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ் என்று காட்டினால் சிடி அடுக்கு; டிஎஸ்டி என்றோ, 88.2 அல்லது 176.4 என்றோ காட்டினால் எஸ்ஏசிடி. பல பிளேயர்களில் பல சேனல், இரண்டு சேனல், சிடி ஆகியவற்றில் எதற்கு முன்னுரிமை என்று கேட்கும் அமைப்பு ஒன்று இருக்கும். அதைப் பல சேனலுக்கு வைத்துவிடுங்கள்.

வெண்திரை அவர்கள் இரண்டு பிளேயர் என்று கூறியதற்கு என் பதில்: ரிசீவருக்கு எச்டிஎம்ஐ வழியாக மட்டும் அனுப்புபவருக்கு உள்ளிருக்கும் டிஏசி தேவையில்லை என்பது முற்றிலும் சரி. இரண்டு சேனல் இசைக்காகத் தனி ஆம்ப்ளிஃபயர் வைத்து, பிளேயரிலிருந்து அலைவடிவமாக எடுப்பவருக்குத்தான் அந்தச் செலவு பொருள் தரும். ஆனால் அதற்காக இரண்டு பெட்டிகள் வேண்டியதில்லை. டிஏசிக்குச் செலவிடாத, ஆனால் எல்லா வகைகளையும் படிக்கும் எளிய மாடலே போதும். தயாரிப்பு நின்றுபோன உயர்தரப் பிளேயரை இரண்டாம் கையாக வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். வட்டைப் படிக்கும் லேசர் பிக்கப் தேயும் பொருள். மாற்றுப் பாகம் கிடைப்பது அரிது. புதிய படவட்டுகளின் பூட்டுக்குச் சில சமயம் ஃபர்ம்வேர் (பிளேயரின் உள் மென்பொருள்) புதுப்பிப்பும் தேவைப்படும். அது நின்றுவிட்ட பிளேயரில் எஸ்ஏசிடியும் டிவிடி-ஆடியோவும் என்றும்போலப் பாடும். நாளை வரும் படம்தான் ஓடாமல் போகலாம்.

அலமாரி

எச்டிஎம்ஐ கம்பியை மாற்றியதும் ரிசீவரின் திரையில் டிஎஸ்டி என்று எழுத்து வந்தது. பாட மறுத்த மூன்று வட்டுகளும் ஒரு தடையுமின்றிப் பாடின. மூன்றில் ஒன்று முழுக்கப் பல சேனல் பதிவு. டிவிடி-ஆடியோவில் முன்பு கேட்ட அதே இசையை 96 கிலோஹெர்ட்ஸ் என்று காட்டும் நிலையில் மறுபடியும் கேட்டேன்.

எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ, 4கே ப்ளூ-ரே மூன்றையும் படிக்கும் எளிய மாடல் ஒன்றையே வாங்க முடிவு செய்துவிட்டேன். விசிடிக்களைப் படியெடுக்கத் தொடங்கி, இதுவரை ஒன்பது முடிந்திருக்கின்றன. டிவிடி-ஆர் வட்டுகளில் இரண்டு மட்டும் வெற்று வட்டு என்றே காட்டுகின்றன. அண்ணனின் பழைய ரெக்கார்டர் பரணில் இருப்பதாக அண்ணி சொன்னார். இந்த வார இறுதியில் அதை இறக்கி, அந்த இரண்டையும் ஃபைனலைஸ் செய்து பார்க்கப் போகிறேன்.